குளிர்ப் பிரியர்கள்

மெய்ப்பு பார்க்கும் அறைக்குள் நுழைந்ததுமே புதியவளுக்குப் பற்கள் தந்தியடித்தன.

ஒரு பக்கம் ஏ.சி., தலைக்கு மேல் மின்விசிறி. தாள்கள் பறக்காமலிருக்க ஆளுக்கொரு டிபன் பாக்ஸை அவற்றின் மேல் வைத்திருந்தார்கள். மூத்த மெய்ப்பாளருக்குக் குரங்குக் குல்லா. பக்கத்து இருக்கை அக்காவுக்கு மப்ளர்.

"குறைக்கச் சொல்லக் கூடாதா சார்?"

"எதுக்கும்மா? ஜிலுஜிலுன்னு நல்லாத்தானே இருக்கு?" என்றார் மூத்தவர், மூக்கை உறிஞ்சியபடி.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தலைமை மேடம் எட்டிப் பார்த்தார்.

"யாருக்காவது குளிருதா?"

"இல்லவே இல்லைங்க மேடம்!"

சரியான ஜால்ராக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டாள் புதியவள்.

வாரக் கடைசியில் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "நான் வேலையை விட்டுடறேன்க்கா" என்றாள். அக்கா அவளை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"மேடத்துக்கு மாதவிடாய் நிக்கிற வயசு. ஈஸ்ட்ரோஜன் குறையவும் மூளையில சூட்டைக் கவனிக்கிற இடம் தடுமாறிப் போகுதாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு திகுதிகுன்னு எரியும், தெப்பமா வேர்க்கும். 'என்னால உங்களுக்கெல்லாம் கஷ்டம்'னு ராஜினாமா கொடுக்கப் போனாங்க. எங்களுக்குக் குளிர்னா உயிர்னு சொல்லித்தான் நிறுத்தி வச்சோம்."

"வைத்தியம் இல்லையாக்கா?"

"இருக்கே. ஹார்மோன் சிகிச்சை. டாக்டர் எல்லாம் சோதிச்சுப் பார்த்துட்டு, வயித்து மேல பிளாஸ்திரி மாதிரி ஒட்டிக்கிற மருந்துப் பட்டை கொடுத்திருக்கார். குறைஞ்சதைத் தோல் வழியா கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல சேர்க்குமாம். உடனே கேட்காது, சில வாரம் பிடிக்கும். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ."

"கடிக்கிறதுக்குப் பல்லு தந்தியடிக்கிறது நின்னாத்தானேக்கா."

ஆனாலும் புதியவள் ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டாள். மேடம் கேட்டால் கோரஸில் அவள் குரலும் சேர்ந்தது.

வாரங்கள் போயின. ஒரு மதியம் திருத்திய தாள்களை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குள் போனவள் திகைத்து நின்றாள். கழுத்துவரை சால்வை. வெந்நீர் பாட்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மேடம் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"காய்ச்சலா மேடம்?"

"இல்லம்மா. பட்டை நல்லா வேலை செய்யுது. வேர்வை நின்னே ரொம்ப நாளாச்சு."

"அப்புறம் ஏன் ஏ.சி.யைக் குறைக்கலை?"

மேடம் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் தினம் கேட்டுப் பார்க்கிறேன். ஒருத்தராவது குளிருதுன்னு சொல்றீங்களா?"