ஆறாவது ரோஜா

"அஞ்சு பூவா? பைத்தியமாடா உனக்கு?"

பிராத்திஸ்லாவா ரயில் நிலையத்துப் பூக்கடை முன்னால் ஒத்திலியா தம்பியை முறைத்தாள்.

"பிறந்தநாள் விருந்துக்கா போறோம்? அப்பாவோட சாவுக்குப் போறோம். உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் ஒத்தப்படை. செத்தவங்களுக்கு ரெட்டப்படை. தலை நரைக்கிற வயசுல இதுகூட மறந்துபோச்சா?"

"ஏதோ யோசனையில கேட்டுட்டேன்க்கா" என்றான் கொர்னெல்.

ஒத்திலியா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்காரி ஆறாவது வெள்ளை ரோஜாவையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தாள்.

வியன்னா ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். காலையில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடும் டிக்கெட். ஒரு மணி நேரத்தில் வியன்னா வந்துவிடும். அதற்குள் அக்காவிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று கொர்னெல் நினைத்திருந்தான். வாயைத் திறக்க நினைத்தபோதெல்லாம் டிக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தான்.

ஒத்திலியா ரொட்டிக்கு நடுவே வறுத்த இறைச்சி வைத்த பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். "சாப்பிடு."

"பசிக்கல."

"அவருக்காக நீ பட்டினி வேற கிடக்கணுமா? நம்மளப் பட்டினி போட்ட மனுஷன்டா அது."

கொர்னெல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அறுவடை முடிந்த வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இதே ரயில்தான்" என்றாள் ஒத்திலியா. "கறுப்புக் கோட்டு. கையில ஒரு சின்னப் பை. 'சாயங்காலம் வந்துடறேன், உனக்கு ஆரஞ்சு வாங்கிட்டு வரேன்'னாரு. அப்போ கம்யூனிஸ்ட் ஆட்சி, வியன்னாவுக்கு ஒரு நாள் அனுமதி கிடைக்கிறதே பெருசு. குடும்பத்தப் பணயமா வச்சுட்டுத்தான் விடுவாங்க. ராத்திரி வரைக்கும் ஸ்டேஷன்லயே நின்னேன். எல்லாரும் இறங்கினாங்க, அவர் மட்டும் இறங்கல."

"தெரியும்க்கா."

"உனக்கு என்ன தெரியும்? நீ தொட்டில்ல கிடந்த. அம்மாவப் போலீஸ் மாத்தி மாத்தி விசாரிச்சுது. என்னைக் காலேஜ்ல சேர்த்துக்கல. ஓடிப்போனவன் பொண்ணாச்சே!"

ரயில் மொராவா ஆற்றுப் பாலத்தில் ஏறியது. அப்பா காலத்தில் முள்வேலியும் காவல் நாய்களும் இருந்த இடம். இப்போது எல்லை தாண்டியதை ஒரு கைப்பேசிக் குறுஞ்செய்தி மட்டும் சொன்னது. அடுத்த நிமிஷமே அவன் கைப்பேசி அடித்தது. எண்ணைப் பார்த்துப் பதறி அணைத்தான்.

"யாரு?"

"ஆபீஸ்ல."

"ஞாயித்துக்கிழமையா?"

அவன் கைப்பேசியைப் பைக்குள் திணித்தான். அவள் பூங்கொத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

எல்லைக்கு அப்பால் முதல் ஸ்டேஷனில் ரயில் நின்றது. ஒத்திலியா திடீரென்று பூங்கொத்தோடு எழுந்தாள்.

"நான் இறங்கறேன். நீ மட்டும் போய்ட்டு வா."

"அக்கா!"

"அந்த மூஞ்சியப் பார்த்தா என்ன செய்வேன்னு எனக்கே தெரியல. வழிய விடு."

கொர்னெல் எழுந்து கதவை மறித்துக்கொண்டு நின்றான். "இன்னைக்கு விட்டா இனிமே பார்க்கவே முடியாதுக்கா. கத்து, திட்டு, என்ன வேணாலும் பண்ணு. இறங்க மட்டும் செய்யாதே."

அவள் அவனை விலக்கக் கையைத் தூக்கினாள். கதவு மூடிக்கொண்டது. தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டு, வந்து உட்கார்ந்தாள். வியன்னாவின் முதல் கட்டடங்கள் தெரிந்தன.

"ஸ்டேஷனுக்கு யாரு வர்றா?"

"ஒருத்தர் வருவார்."

"அவரோட வியன்னாப் பொண்டாட்டியா?"

"அவங்க போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சு." ரயில் வேகம் குறைந்தது. "அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"நகரு, இறங்கணும்."

நடைமேடையில் கூட்டம் கரைந்தது. தூண் ஓரமாக ஒரு கிழவர் ஊன்றுகோலில் சாய்ந்து நின்றிருந்தார். இன்னொரு கையில் ஒரு வலைப்பை. அதற்குள் ஆரஞ்சுப் பழங்கள்.

ஒத்திலியா நின்றுவிட்டாள்.

"மன்னிச்சிடுக்கா" என்று கொட்டினான் கொர்னெல். "அப்பா சாகல. நாளைக்கு இதயத்துல ஆபரேஷன். பிழைப்பாரான்னு டாக்டருக்கே நிச்சயமில்ல. உயிரோட இருக்கிறவரப் பார்க்கணும்னா நீ வந்திருக்க மாட்டே. அதான் செத்துட்டார்னு சொல்லிட்டேன்."

கிழவர் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. எதிர் நடைமேடையில் பிராத்திஸ்லாவா போகும் ரயில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. ஒத்திலியா அதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

பிறகு பூங்கொத்திலிருந்து ஒரு ரோஜாவை உருவித் தம்பியின் சட்டைப் பையில் செருகினாள்.

"பூக்கடையில நீ அஞ்சுன்னு கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சுடா, மடையா" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த ஐந்து ரோஜாக்களோடு கிழவரை நோக்கி நடந்தாள்.