கூடல் மடு

பேராற்றில் போய்ச் சேரும் சிற்றாறு வற்றத் தொடங்கியதும், கெளுத்தி மீன் ஒன்று தன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பேராற்றுக்குக் கிளம்பியது. மூன்று நாள் சேற்றில் ஊர்ந்து, இரண்டு ஆறுகளும் கூடும் இடத்துக்கு வந்தபோது அங்கே ஒரு சிறிய மடுதான் இருந்தது. அதற்குள் விலாங்கு ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“பேராறு எந்தப் பக்கம் அண்ணே?” என்று கெளுத்தி கேட்டது.

“அங்கேயிருந்துதான் வர்றோம். ஒரு சொட்டு இல்ல. உங்க ஆத்துல தண்ணி ஓடுதுன்னு சொன்னாங்களே?”

கெளுத்தி தான் ஊர்ந்து வந்த சேற்றைத் திரும்பிப் பார்த்தது. விலாங்கும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. அதற்குள் விலாங்கின் சனம் ஒவ்வொன்றாக மடுவில் வந்து விழத் தொடங்கியது.

கெளுத்தியின் மனைவி குஞ்சுகளை எல்லாம் தண்ணீரில் இறக்கிவிட்டு, “இதுதானாங்க பேராறு?” என்று கேட்டது.