லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி

"அத்தை, அம்மா அப்பாவைக் கொல்லப் பாக்குறாங்களோன்னு பயமா இருக்கு."

குளியலறைக் குழாயை லேசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் குரலை ஒளித்துக்கொண்டு பேசினாள் அவள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிற பெண். போனின் மறுமுனையில் அப்பாவின் அக்கா.

"ஏய் வாலு, தூக்கத்துல உளர்றியா?"

"இல்ல அத்தை. முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன். மூணு வாரமா முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

அப்பாவுக்கு இதயம் வீங்கியிருப்பது அத்தைக்கும் தெரிந்ததுதான். அம்மா பிறந்து வளர்ந்த பழைய வீட்டின் சுவர் விரிசல்களில் ஒரு பூச்சி குடியிருந்தது. அது கடித்தால் ஒட்டுண்ணி ஒன்று ரத்தத்துக்குள் புகுந்துவிடும். வருஷக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு இதயத்தில் கை வைக்கும். அம்மாவின் தம்பி அதே நோயோடு பந்து விளையாடியபோது மைதானத்தில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. கல்யாணமான புதிதில் அப்பாவும் சில வருஷம் அந்த வீட்டில் இருந்தவர். வீட்டில் எல்லோரும் சோதனை செய்துகொண்டதில், நோய் அவருக்கு என்று வந்தது.

"மாமா எப்படிச் செத்தார்னு அம்மா கண்ணால பாத்தவங்க. அப்புறமும் அப்பாவை அஞ்சு மாடி நடத்தியே கூட்டிட்டு வராங்க. தினமும்."

"லிஃப்ட் ரிப்பேரா?"

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவரே அவர்தான் அத்தை."

 அத்தை, தம்பி கல்யாணத்திலிருந்து அடக்கி வைத்திருந்த சந்தேகங்களை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிவைத்தாள். அப்பா மாத்திரை போடுகிறாரா என்று கேட்டாள். அதுவும் ஒரு மர்மம்தான். வீட்டில் அப்பா ஒரு மாத்திரை போட்டு அவள் பார்த்ததில்லை. கேட்டால், வேலை செய்யும் இடத்தில் போட்டுக்கொள்வதாக, யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி சொல்வார்.

"மெதுவா நடந்தா நல்லதுன்னு டாக்டரே சொன்னாராம்," என்றாள் பெண்.

"அதை நீ கேட்டியா? நான் கேட்டேனா? நாளைக்குப் பின்னாடியே போய்ப் பாரு. உங்கம்மா ஏதாவது பண்ணினா குறுக்க நில்லு. மத்ததை நான் வந்து பாத்துக்கறேன்."

மறுநாள் சாயங்காலம் அப்பா வேலையிலிருந்தும், அம்மா திரைச்சீலை தைக்கிற கடையிலிருந்தும் வந்து, பூங்காவை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கட்டில் ஒரு திருப்பம் கீழேயே தொடர்ந்தாள்.

"லிஃப்ட்ல போலாமே," என்று அப்பா வழக்கம்போல முனகினார். "ஊருக்கெல்லாம் லிஃப்ட்டை ஓட வச்சுக் குடுத்துட்டு நான் படி ஏறணுமா?"

"ஏறுங்க. தொந்தி முன்னாடி போகுது, நீங்க பின்னாடி வந்தா போதும்."

இரண்டாவது மாடிவரை அப்பா தொணதொணவென்று பேசிக்கொண்டே போனார். கடையில் என்ன தைத்தாய், முதலாளி என்ன சொன்னார், பட்டாம்பூச்சி போட்ட துணி தீர்ந்துவிட்டதா என்று கேள்விமேல் கேள்வி. அம்மாவும் விஸ்தாரமாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். மூன்றாவது மாடியில் அவள் பதில் சுருங்கியது. ம் என்றாள். அப்புறம் அதுவும் இல்லை.

உடனே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா பதறவில்லை. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்து, காத்திருந்தாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்று நினைக்கவே பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா எழுந்து, "போதும், கிளம்புங்க," என்றாள்.

பெண் தடதடவென்று மேலே ஓடிக் குறுக்கே நின்றாள்.

"அப்பா இனிமே படி ஏற மாட்டார். அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அப்பாவின் முகம் வெளுத்தது. அம்மாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மகளுக்கு அது போதும். இவ்வளவு பயந்துபோய் அவரை அவள் பார்த்ததே இல்லை.

"எனக்கு ஒண்ணுமில்லடா. சும்மா... மூச்சு வாங்கிச்சு. நீ வீட்டுக்குப் போ. அம்மாவை எதுவும் கேக்காத," என்றார், கெஞ்சுகிற குரலில்.

"அவ கேக்கட்டும். நீங்க மேல போய்த் தண்ணி கொண்டு வாங்க," என்றாள் அம்மா. அவர் தயங்கித் தயங்கி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

பெண் எல்லாவற்றையும் கொட்டினாள். மாமாவைப் பற்றி, மாத்திரையைப் பற்றி, நெஞ்சைப் பிடித்த மனிதரைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததைப் பற்றி, இப்போது அவரையே தண்ணீருக்கு மேலே அனுப்பியதைப் பற்றி. அழுகையில் பாதி வார்த்தை வரவில்லை. "அப்பாவை விட்டுடுங்கம்மா," என்று முடித்தாள்.

அம்மா அவள் கையை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். மேலே செருப்புச் சத்தம் போய் மறையும்வரை பொறுத்திருந்துவிட்டு, காதருகே குனிந்தாள்.

"நோய் எனக்குடி, உங்கப்பாவுக்கு இல்ல. சொன்னா என் தம்பி ஞாபகத்துல பயந்து படுத்த படுக்கையாயிடுவேன்னு, தனக்குன்னு பொய் சொல்லி என்னை நடக்க வைக்கிறார். நர்ஸ் வாய்தவறிச் சொல்லிட்டாங்க, அது அவருக்குத் தெரியாது; நீயும் காட்டிக் குடுத்துடாத, பாவம், எனக்கு மூச்சு வாங்கறப்ப நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்கார இப்பதான் கொஞ்சம் பழகியிருக்கார்."