தொண்ணூற்றெட்டுக்கு ஓர் அர்ச்சனை

“இது தொண்ணூற்றெட்டே இல்லை,” என்றார் கேதீஸ்வரன், போத்தலைத் திறந்து இன்னொரு தரம் மணந்து பார்த்துவிட்டு.

ஹோம்புஷ் பெற்றோல் ஷெட்டில் காசு வாங்கும் பெண் அவரைப் பார்க்கவில்லை, போத்தலைத்தான் பார்த்தாள். பம்பில் எழுதியிருப்பதைத்தான் விற்கிறோம், தயவுசெய்து அதை வெளியே கொண்டுபோங்கள் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினாள். பால் வாங்க வரிசையில் நின்றவர்கள் ஏற்கெனவே வெளியே போய்விட்டார்கள்.

கேதீஸ்வரனின் கார் தொண்ணூறுகளில் செய்த ஜப்பான் டர்போ. அதற்கு ஒக்டேன் தொண்ணூற்றெட்டுப் பெற்றோல்தான் வேண்டும். தரம் குறைந்தால் உள்ளே நேரம் தவறி வெடித்து, ‘டொக் டொக்’ என்று தட்டித் தட்டியே இஞ்சின் செத்துப்போகும். சில நாட்களாக அந்தக் கார் தட்டிக்கொண்டிருந்தது.

அகதிகளை அடைத்துவைக்கும் வில்லாவுட் தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்து அவர் தன் பெயரில் வாங்கிய முதல் பொருள் அது. அதை அவர் பார்த்த பார்வை வேறு. பாரம் ஆகாது என்று ஸ்பெயார் ரயரையும் டிக்கிப் பலகையையும் கழற்றிவிட்டு, அந்தக் குழிக்கு மேலே வெறும் கார்ப்பெட்டை மட்டும் விட்டுவைத்திருந்தார். மனைவி யோகாவிடமும் சோற்றைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தார். அது சரிவரவில்லை.

மெக்கானிக் சிவமணி காரை நிறுத்தி வைத்து, இஞ்சினை உறுமவிட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

“இஞ்சின் கல்லு மாதிரி இருக்கண்ணை. ஒரு சத்தமும் இல்லை.”

“நிக்கேக்கை தட்டாது. ஓடேக்கைதான் தட்டும். காலை அமத்தினாலும் தட்டும், பிரேக் பிடிச்சாலும் தட்டும்.”

“பிரேக் பிடிக்கேக்கை பெற்றோல் எப்பிடியண்ணை தட்டும்?”

“அவ்வளவு பழுதான பெற்றோல்,” என்றார் கேதீஸ்வரன்.

ஒவ்வொரு ஷெட்டாக ஏறி இறங்கினார். கெல்லிவில்லில் நல்லது கிடைக்கும் என்று யாரோ சொல்ல, அங்கே போய் நிரப்பினார். போய் வரவே அதில் பாதி முடிந்தது. தட்டல் மட்டும் முடியவில்லை.

இனி முருகன்தான் என்று, வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் அர்ச்சனை செய்யத் தொடங்கினார்.

“ஆற்றை பேருக்கு?” என்றார் ஐயர்.

“காருக்கு. வாங்கின நாள் அவிட்டம்.”

ஐயர் வேறொன்றும் கேட்காமல், கார் நம்பரை ஓர் எழுத்தும் பிசகாமல் முருகனுக்குச் சொன்னார்.

அர்ச்சனைக்கும் தட்டல் மசியவில்லை. முதலில் ஒற்றையாகத் தட்டியது, அடுத்த வெள்ளி இரட்டையாகத் தட்டியது. பிறகு தனி ஆவர்த்தனமே நடந்தது.

யோகாவுக்கு வேறு எரிச்சல். கடையில் பிளாஸ்டிக் பைக்குக் காசு கேட்கிறார்கள் என்று சாமான்களைச் சும்மாவே டிக்கிக்குள் போட்டு வருபவள் அவள்.

“அந்த நித்தியானந்தன்ரை கடைக்கு இனிப் போகக்கூடாதப்பா. சம்பலுக்கெண்டு வாங்கிறது வீட்டை வரேக்கை இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் இதே கூத்து.”

“பெற்றோல்காரன் ஏமாத்துறான், கடைக்காரன் ஏமாத்துறான். ஊரே எங்களைத்தான் பாத்து வைச்சிருக்கு,” என்றார் கேதீஸ்வரன்.

“இஞ்ச பாருங்கோ, பச்சை லைற்றிலை காரை நிப்பாட்டிப்போட்டுக் காது குடுத்துக் கேக்கிறியள். பின்னாலை வாறவன் ஏசுறான். இந்த வெள்ளியும் தட்டினா வித்துப்போடுங்கோ.”

அந்த வெள்ளி முருகனோடு பிள்ளையாருக்கும் சேர்த்து அர்ச்சனை நடந்தது. கோயில் வாசலைத் தாண்டி முதல் திருப்பத்திலேயே கார் தட்டியது. வீட்டுக்கு வந்ததும் கேதீஸ்வரன் காரை விற்க விளம்பரம் போட்டார்.

மறுநாள் கெல்லிவில்லிலிருந்து பிரதீப்குமார் என்ற சென்னைப் பையன் வந்தான். ஐ.டி. வேலை, பழைய கார்ப் பைத்தியம். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சத்தத்தைக் காரணம் காட்டி விலையைப் பாதியாக்கினான். கேதீஸ்வரன் ஓமென்றார். சாவியைக் கொடுக்கும்போது அழுதார், அதை மறைக்கவும் இல்லை.

“தொண்ணூற்றெட்டுத்தான் அடிக்க வேணும் தம்பி. மணந்து பாத்து அடியும்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரதீப்குமாரின் பெயர் போனில் வந்தது. சத்தம் பொறுக்காமல் காரைத் திருப்பித் தரப்போகிறான் என்று பயந்து, கேதீஸ்வரன் போனை யோகாவிடம் நீட்டினார். யோகா ஸ்பீக்கரைப் போட்டு அவர் முன்னாலேயே வைத்தாள்.

“அங்கிள், கார் சூப்பரா ஓடுது. அந்தத் தட்டுற சத்தம் சுத்தமா நின்னுடுச்சு.”

கேதீஸ்வரன் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். “எங்கை பெற்றோல் அடிச்சனீர்?”

“உங்க தெருமுனையில இருக்கிற பங்க்லதான்.”

அவர் போத்தலோடு சண்டைக்குப் போன அதே ஷெட். கேதீஸ்வரனுக்குக் கண் கலங்கியது. சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

“பாத்தியே யோகா? அர்ச்சனை பலிச்சிட்டுது. அந்தப் பெற்றோலையே திருத்திப்போட்டான் முருகன். ஒரு கிழமை பொறுத்திருந்தா கார் எங்களிட்டை இருந்திருக்கும்.”

யோகாவும் ஒரு கணம் கும்பிடத்தான் போனாள். அதற்குள் போன் மறுபடி பேசியது.

“அப்புறம் அங்கிள், டிக்கி கார்ப்பெட்டுக்குக் கீழ எட்டுத் தேங்காய் உருண்டுட்டு இருந்துச்சு. கொண்டுவந்து தரவா, இல்ல நாங்களே சட்னி அரைச்சுக்கட்டுமா?”