சாய்ந்த பைன் மரத்தடி

சதுக்கத்து ஊற்றில் இசித்ரே கை கழுவிக்கொண்டிருந்தார். எவ்வளவு தேய்த்தும் விரலிடுக்கில் இருந்த சிவப்பு போகவில்லை.

"யாரும் பாக்கலையே?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள் மனைவி ரெமெய்.

"இல்ல. மொத்தத்தையும் முடிச்சுட்டேன். ஒண்ணு விடல."

"கத்தி?"

"கூடையில கெடக்கு. மேல எலய போட்டு மூடிட்டேன்."

"பாவி மனுஷா! ஐம்பது வருஷ சிநேகிதன். பஸ்ஸ விட்டு எறங்கினதும் உன் கையத்தான் புடிப்பான்."

கூடைக்குள் இருந்தவை காளான்கள். அறுத்தால் ரத்தம்போலக் கசியும் சாதி.

எங்கள் மலையூரில் பாதிரியாரிடம் கொலையைக்கூட ஒப்புக்கொள்வார்கள், காளான் முளைக்கும் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். பாதிரியாரிடமும் ஒரு கூடை இருக்கிறது. பெற்ற மகனுக்கே சாகும் படுக்கையில்தான் சொல்வது வழக்கம். இசித்ரேயின் அப்பா கோவேறு கழுதை உதைத்து அந்த இடத்திலேயே செத்துப்போனார். அவருக்குப் படுக்கை வாய்க்கவில்லை.

அப்பா போன அந்த இலையுதிர் காலத்தில்தான், சிற்றாலயத்துக்குப் பின்னாலிருந்த புதரிலிருந்து நண்பர் கிர்ஸே கூடையோடு வெளியே வந்ததை இசித்ரே பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, திருடனைப்போல வந்தார் கிர்ஸே. அன்றிலிருந்து அவருக்கு முன்னால் இவர் போய்வரத் தொடங்கினார்.

கிர்ஸே மகளோடு பார்சலோனாவில் குடியேறியபின் இசித்ரேக்கு நிம்மதியாக இருந்தது. இன்று அவர் வருகிறார் என்று தெரிந்ததும், விடியுமுன்னே ஓடிப்போய் வழித்துக்கொண்டு வந்துவிட்டார்.

பஸ் வந்தது. சுற்றுலாக் கூட்டம் பழைய கல்பாலத்தைப் படமெடுக்க ஓடியது. கடைசியாகத் தடியூன்றி இறங்கினார் கிர்ஸே.

"என்னடா கெழவா, இன்னும் சாகலையா?"

"நீ வந்து தூக்குவேன்னு காத்திருக்கேன்."

சிரித்துக்கொண்டே இசித்ரேயின் கைகளைப் பற்றினார் கிர்ஸே. விரல்களைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

இசித்ரே கூடையை எடுத்து நீட்டினார்.

"மன்னிச்சிடுடா. உன் இடந்தான். சாஞ்ச பைன் மரத்தடி. இத்தன வருஷமாத் திருடித் தின்னேன். இந்தா, கூடையோட எடுத்துக்கோ. மூஞ்சிய மட்டும் திருப்பிக்காத."

கிர்ஸே கூடையைத் தொடவில்லை. ஊற்றுத் திட்டில் மெல்ல உட்கார்ந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"அந்த எழவு மரத்தப் பத்திப் பேசத்தான்டா இந்தக் காலோட மலையேறி வந்தேன். அத நான் கண்டுபிடிக்கல. ஒருத்தர் பின்னாலயே பதுங்கிப் போயித் தெரிஞ்சுக்கிட்டேன்."

"யாரு பின்னால?"

"உங்கப்பா பின்னால."