கைதட்டல் வரும் இடம்

"ஒரு கிழவி, அவன் ஊட்டிவிட்டாத்தான் சாப்பிடுவாளாம்! அதனால அவனை நாட்டை விட்டு அனுப்பக் கூடாதாம்! எப்படி இருக்கு?"

அமைச்சர் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். கண்ணாடிக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறை அது. அவருக்கு உரை எழுதிக் கொடுக்கும் பெண், அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள். வேலைக்குப் புதுசு. அவர் கேலி செய்யும் கோர்ட் தீர்ப்பை முழுசாகப் படித்துவிட்டு வந்திருந்தாள். அந்த அலுவலகத்தில் அது ஒரு கெட்ட பழக்கம்.

"சார், தீர்ப்பு அப்படி இல்ல சார்."

"பின்ன எப்படியாம்?"

"அந்த ஆளு விசாவை நீட்டிக்கச் சொல்லி முறையாத்தான் மனு கொடுத்திருக்கார். நம்ம அதிகாரிங்க அதைப் பிரிச்சுக்கூடப் பார்க்காம தள்ளுபடி பண்ணியிருக்காங்க. அது சட்டப்படி தப்பு, அவரு இங்கேயே இருக்கலாம்னுதான் கோர்ட் சொல்லியிருக்கு. பாட்டி விஷயம் நடுவுல எங்கேயோ ஒரு வரி வருது, அவ்வளவுதான்."

"அந்த ஒரு வரியைத்தானே நானும் சொல்றேன்? இல்லாததையா சொல்றேன்?"

"இருக்கு சார். ஆனா காரணம் அது இல்லையே..."

"என்னம்மா நீ! 'அதிகாரி கவரைப் பிரிக்கலை'ன்னு சொன்னா எவன் கை தட்டுவான்? அதுவும் அந்த அதிகாரி என் துறை!"

அவள் அடுத்த அட்டையை எடுத்தாள்.

"தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடுன்னு நீங்க மேடையில சொல்லிட்டா, அந்த ஆளு இங்க நிம்மதியா இருக்கவே முடியாது சார். பாவம்."

"பாவமா? யாரு அவன்? பேரு தெரியுமா உனக்கு?"

"தெரியாது சார். அவரு பேரு, வேலை பார்க்கிற வீடு, எல்லாத்தையும் தீர்ப்புல மறைச்சிருக்காங்க."

"அப்புறம் என்ன? பேரே இல்லாதவனைத் திட்டினா யாருக்கு வலிக்கப் போகுது?"

உரை அட்டையில் கைதட்டல் வரும் இடத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போடுவது அவள் வேலை. போட்டாள். கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது.

மேடையில் அமைச்சர் வெளுத்து வாங்கினார். பொக்கை வாயைத் திறப்பது போல் காட்டினார். 'ஆ... ஆ...' என்று ஊட்டிவிடுவது போல் கையை நீட்டினார். அரங்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"இதுக்குப் பேரு மனித உரிமையாம்! நாளைக்கே மேல்முறையீடு! ஜெயிச்ச கையோட அந்த ஆளை நானே விமானத்துல ஏத்திவிடுறேன்!"

சிவப்புக் கோடு வருவதற்கு முன்பே கைதட்டல் வந்துவிட்டது.

அறைக்குத் திரும்பியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "பாத்தியா?" என்றார். அதற்குள் செல்போன் அடித்தது.

"வீட்டம்மாதான். டி.வி.யில பார்த்திருப்பா. என்ன சொல்றான்னு நீயும் கேளு" என்று ஸ்பீக்கரில் போட்டார். "என்ன, பேச்சு எப்படி?"

"நான் மட்டுமா பார்த்தேன்? மாடியில அத்தையும் பார்த்தாங்க. கூட அவங்களைப் பார்த்துக்கிற அந்தத் தம்பியும் பார்த்தான்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. வாயை இறுக்கி மூடிக்கிட்டாங்க. நானும் தட்டை வச்சுக்கிட்டுக் கெஞ்சிப் பார்த்துட்டேன். ஒரு வாய்கூட இறங்கலை."

"உன்னை யாரு ஊட்டச் சொன்னது? தம்பியைக் கூப்பிடு. அவன் ஊட்டிவிட்டாத்தானே அம்மா..."

பேச்சு அங்கேயே நின்றது. அந்த இடத்தில் யாரும் கோடு போட்டிருக்கவில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க? சொல்லி முடிங்க" என்றது ஸ்பீக்கர். "தம்பி பெட்டி கட்டிக்கிட்டு இருக்கான். நீங்க ஏத்திவிடுற வரைக்கும் எதுக்கு, தானே போயிடறேங்கிறான்."

"அவன் வெளிநாட்டுக்காரனா? ரொம்ப நல்ல பையனாச்சே!"

"கோர்ட்டுல சாட்சி சொன்னதே நான்தான். உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் போனேன். போனை நோண்டிக்கிட்டே 'சரி சரி, பண்ணு'ன்னீங்க. உங்க மானம் போயிடக் கூடாதேன்னு, வீட்டு விவரம் வெளியில வர வேண்டாம்னு கேட்டுக்கிட்டதும் நான்தான். நீங்களே மேடை போட்டு நடிச்சுக் காட்டுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

போன் அணைந்தது.

அந்தப் பெண் அட்டைகளை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"மேல்முறையீடு இல்லைன்னு அறிக்கை எழுதட்டுமா சார்?"

"பைத்தியமா உனக்கு? இவ்வளவு கைதட்டு வாங்கின பிறகா? மேல்முறையீடு பண்ணித்தான் ஆகணும்!"

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தாழ்ந்தது.

"ஆனா தோத்தாகணும். மனித உரிமைச் சட்டத்தைக் கரைச்சுக் குடிச்ச வக்கீலா அவனுக்கு ஒருத்தரைப் பாரு. நம்மளை மண்ணைக் கவ்வ வைக்கணும். முதல்ல வீட்டுக்குப் போன் போட்டு, அந்தத் தம்பியைப் போக வேண்டாம்னு சொல்லு."

"சரி சார். அந்த ஆளு எதுக்கு இங்க இருந்தே ஆகணும்னு வக்கீல் கேட்டா?"

அமைச்சர் கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னார்:

"ஒரு வயசான அம்மா இருக்காங்க... அவன் ஊட்டிவிட்டாத்தான் சாப்பிடுவாங்கன்னு சொல்லு."