அதே சிவப்பு

தள்ளுவண்டிக்காரர் பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் குப்பென்று எழும் ஆவி மூவரின் முகத்தையும் மறைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் இவர்களுக்கு மோமோதான். சிவப்புச் சட்னியை யார் அதிகம் தொட்டுத் தின்பது என்று அப்பாவுக்கும் மகளுக்கும் வாராவாரம் போட்டி. உதடு சிவந்து மூக்கு ஒழுகினால் அம்மாவுக்குச் சிரிப்பு. "சட்னி எப்படிக்கா? இன்னிக்குப் புதுசா வேர்க்கடலை அரைச்சு விட்டிருக்கேன்" என்கிறார் வண்டிக்காரர், பெருமையாக. அம்மாவின் கை மகளின் தட்டைப் பிடுங்குகிறது. மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. போன தடவை ஒரே ஒரு பருப்புக்கு உடம்பெல்லாம் தடித்து, ஆஸ்பத்திரியில்தான் மூச்சு திரும்பியது. "கண்ணு, துப்பு! இங்க என்னைப் பாரு." வண்டி விளக்கின் வெளிச்சத்தில் சின்ன உதடுகள் சிவந்திருக்கின்றன, வாராவாரம் பார்க்கிற அதே சிவப்பு. "காரம்தாம்மா" என்று சிரிக்கிறாள் மகள், கழுத்தைச் சொறிந்துகொண்டே.